அசையுதா, புள்ள?

வெயில் மண்டையில் ஏறி நான் கண்ட கனவு இல்லை இது. தில்லை நகரில், பட்டப்பகலில், தெருவில் ஆட்டோக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள், கட்டட வேலை நடக்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

என் பெயர் செல்லக்கிளி. சித்தாள் வேலை. என் வீட்டுக்காரர் பூவரசன் சாரம் கட்டுகிறவர். கட்டினவர் என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஆகியும் அந்த வார்த்தை வாயில் வர மாட்டேன் என்கிறது.

இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வேலைக்குப் போவோம். சாரம் கட்டி முடித்ததும் என்னை உச்சிப் பலகையில் ஏறி நிற்கச் சொல்வார். கீழே சவுக்குக் கம்பைப் பிடித்து மூன்று தடவை ஆட்டுவார்.

"அசையுதா, புள்ள?"

"அசையுது மாமா."

உடனே இன்னொரு கம்பைக் குறுக்கே சாய்த்துக் கட்டுவார். மறுபடி ஆட்டுவார். "அசையல" என்று நான் சொல்லும் வரை விட மாட்டார். அதற்குப் பிறகுதான் கொத்தனார்கள் ஏறுவார்கள்.

"சதுரமா நிக்கிற கம்பு, தள்ளுனா தீப்பெட்டி மாதிரி சாஞ்சிடும். குறுக்க ஒண்ணு போட்டா முக்கோணம். சாயாது" என்பார். "ஆள் உயரத்துக்குன்னா பரவால்ல. அகலம் கம்மியா, உசரமா போற சாரத்துக்குக் குறுக்குக் கம்புதான் உசிரு."

ஸ்ரீரங்கத்தில் ஒரு மூன்று மாடி வீடு. ஜன்னலுக்கு நேராக ஒரு குறுக்குக் கம்பு. பூசுவதற்கு இடைஞ்சல் என்று யாரோ அவிழ்த்துவிட்டார்கள். பூசிவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். இவர் கீழே நின்று ஆட்டிப் பார்த்தாராம். சந்தேகம். மேலே நின்று பதில் சொல்ல அன்றைக்கு நான் இல்லை. காட்டூரில் என் தங்கை மகளுக்குக் காது குத்து. அதனால் அவரே ஏறிப் பார்க்கப் போனார்...

ஓயாமரி சுடுகாட்டில் கொண்டுபோய் எரித்தோம்.

இந்த ஆடியில்தான் மேஸ்திரி ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். தில்லை நகரில் ஒரு டாக்டருடைய புதுக் கட்டடம். பக்கச் சுவருக்குப் பூச்சு வேலை. முதல் நாள் மதியம் எல்லாரும் சாப்பிட இறங்கினார்கள். நான் தூக்குவாளியோடு உச்சிப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே போனால் எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

மணி ஒன்று இருபது. காற்று நின்றிருந்தது. பக்கத்து வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

கிர்ர்ர்...

பலகை ஆடியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"அசையுதா, புள்ள?"

கையில் இருந்த சோறு மடியில் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே யாரும் இல்லை. மணல், சிமென்ட் சாக்கு, யாரோ கழற்றிப் போட்ட செருப்பு.

சாரம் கல்லு மாதிரி நின்றது. ஆனால் 'அசையல' என்று சொன்னால் அவர் வேலை முடிந்தது என்று போய்விடுவார். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

"அசையுது மாமா" என்றேன்.

கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. சர்ர்ர்... சர்ர்ர்...

இறங்கி வந்தபோது கீழ்த்தட்டில் புதிதாக ஒரு குறுக்குக் கம்பு இருந்தது.

"யாரு கட்டுனது இது?" என்றார் மேஸ்திரி.

"நான்தாண்ணே."

"பூவரசன் கை உனக்கும் வந்துருச்சா? நடத்து நடத்து. மேஸ்திரி வேலையவும் நீயே பாத்துக்க, நான் வீட்டுல போய் படுத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். மதியத்துக்காகவே நான் காலையில் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துப்போனேன். கேட்கும்போதெல்லாம் 'அசையுது' என்றேன். ஒவ்வொரு நாளும் ஒரு கம்பு கூடிற்று.

ஆனால் குரல் மாறிக்கொண்டே வந்தது.

முதலில் சாரத்தின் அடியில் இருந்துதான் கேட்டது. பிறகு... அதற்கும் கீழே இருந்து. மூச்சு வாங்கியது. மூட்டை தூக்கி நிற்கிறவன் பேசுவது போல, வார்த்தைக்கு வார்த்தை நின்று வந்தது.

அவர் படுகிற பாடு எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தும் பொய் சொன்னேன். அவரைப் போக விட எனக்கு மனசு வரவில்லை.

கடைசி நாள். பூச்சு முடிகிற நாள்.

அன்றைக்குப் பலகை ஒரே ஒரு தடவைதான் ஆடியது. அதுவும் மெதுவாக.

"அசையுதா... புள்ள..."

தூக்குவாளியைப் பலகையில் வைத்தேன்.

"முடியல... புள்ள..."

அவரோடு வாழ்ந்த அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து கேட்காத வார்த்தை அது.

பலகையில் குப்புறப் படுத்தேன். இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன்.

யாரும் இல்லை.

"அசையல மாமா."

பலகை இடுக்கில் வாயை வைத்து இன்னொரு தடவை சொன்னேன்.

"அசையவே இல்ல. நீங்க போங்க."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். வேறு சத்தம் எதுவும் வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து கடைசி ஆளும் இறங்கினான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாரம் பிரிக்க வந்தோம். அடியில் கிடந்த மணலையும் சாக்கையும் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் ஒதுக்கினார். சட்டென்று நின்றார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. யாரும் கிட்ட வராதீங்க."

கம்புகளுக்கு அடியில் கொடுத்திருந்த பலகை இரண்டாக உடைந்திருந்தது. அதற்குக் கீழே குழி. இடித்த பழைய வீட்டின் செப்டிக் டேங்க். மூடியிருந்த கல் எப்போதோ உள்ளே இறங்கியிருக்கிறது. முன்வரிசைக் கம்புகள் எதிலும் ஊன்றாமல் அந்தரத்தில் தொங்கின. அத்தனை நாளும் அதன் மேல் ஏழு பேர் வேலை செய்திருக்கிறோம்.

"இந்தக் குறுக்குக் கம்புங்கதான் பாரத்தை மத்த கம்புக்கு இழுத்து வெச்சிருக்கு. இது மட்டும் இல்லேன்னா..." அவர் உச்சிப் பலகையைக் கைகாட்டினார்.

அப்படியானால் 'அசையுது' என்று நான் சொன்னது பொய்யே இல்லை.

அண்ணன் செல்போன் லைட்டைக் குழிக்குள் அடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கிளி, நீ பாக்காதம்மா."

பார்த்தேன்.

தொங்கிய கம்புக்கு நேர் கீழே, ஈர மண்ணில் இரண்டு பாதத் தடங்கள். கணுக்கால் ஆழம். பெரிய பாரத்தைத் தோளில் தாங்கி நின்றவன் கால் புதைந்த தடம். உள்ளே இறங்கிய தடம் இல்லை. ஏறிப் போன தடமும் இல்லை.

அடியில் ஊற்று இருந்தது. குழியின் மற்றப் பள்ளங்களிலெல்லாம் தண்ணீர் ததும்பி நின்றது.

நான் போகச் சொன்னது முந்தின நாள் மதியம்.

அந்த இரண்டு தடங்களுக்குள் தண்ணீர் அப்போதுதான் ஊற ஆரம்பித்திருந்தது.