சின்னத் தகடு

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் வீரலட்சுமியின் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'அன்ஸ்கில்ட்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. 'ஸ்கில்' என்றால் கைத்திறன். முன்னால் ஒட்டிய 'அன்' அது இல்லை என்கிறது. முறத்தை ஒரு தட்டுத் தட்டிக் கல்லையும் மிளகையும் பிரிக்கிற கைக்கு இப்படி ஒரு பேர்!

எழுபத்தெட்டில், சாக்குகளில் எழுத்துப் பதிக்கும் மார்க்கர் வேலை காலியானது. அந்த வேலை பார்ப்பவர் அட்டையில் 'அன்' கிடையாது. வீரலட்சுமி போய் அந்த வேலையைக் கேட்டுவிட்டாள்.

"இன்னிக்கு எழுதிக் காட்டும்மா, பாக்கலாம்" என்றார் மேலாளர் வெங்கிடேஸ்வரன்.

எழுத்து வெட்டிய தகடுகள் இரண்டு. பெரியதில் 'கார்பிள்ட்', தேவைப்பட்டால் அதற்கு முன்னால் வைக்கிற சின்னதில் 'அன்'. சலித்த மிளகு, சலிக்காத மிளகு இரண்டில் எதற்குச் சின்னத் தகடு? கேட்டால் வேலை போய்விடுமோ என்று, வீட்டுக்கு ஓடிப்போய் மகளின் பள்ளி அகராதியை எடுத்து வந்து புரட்டினாள். கார்பிள்ட் என்றால் குழம்பிப்போனது என்றிருந்தது. குழம்பாததுதானே சுத்தம்? சலித்த மிளகுச் சாக்குகளில் எல்லாம் 'அன்' வைத்து மையை ஒற்றினாள்.

சுமை தூக்கும் ராசப்பன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எந்தா சேச்சி, நல்ல முளகுக்குப் போயி அழுக்குப் பேரு வெச்சிட்டீங்க?"

வெங்கிடேஸ்வரன் ஓடி வந்தார். அகராதியை நீட்டினாள்.

"நம்ம தொழில்ல கார்பிள்னா சலிக்கிறது. அதுதான் பழைய அர்த்தம். புஸ்தகக்காரா மாத்திண்டா, மிளகுக்காரா மாத்தலை."

"தப்பு என்னுது சார். நானே சரி பண்றேன்."

சாயாகூடக் குடிக்காமல் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினாள். புதுச் சாக்குகளில் நிரப்பித் தைத்து, பெரிய தகட்டை மட்டும் வைத்து மறுபடி பதித்தாள். ஒரு எழுத்துகூடக் கலங்கவில்லை.

ராசப்பன் விடவில்லை. "இங்கிலீஷ்ல எழுதினா எங்க யூனியன்லயும் முன்னால அதே ரெண்டெழுத்துதான் சேச்சி. அப்போ நாங்க எது இல்லாதவங்க?"

"வாய் இல்லாதவங்கன்னு மட்டும் எவனும் சொல்லமாட்டான், போ!"

கிடங்கே சிரித்தது. வெங்கிடேஸ்வரன் சாக்கு வரிசையை ஒருமுறை சுற்றி வந்தார். "அட்டையைக் குடு, அந்த 'அன்'னை அடிச்சுத் தரேன்" என்று பேனாவை எடுத்தார்.

"வேண்டாம் சார். மார்க்கர் நான்தானே?"

வீரலட்சுமி மைத்தூரிகையை எடுத்தாள். தன் அட்டையிலிருந்த 'அன்' மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள். மை காயும்வரை அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தாள்.