மாடி ரூம் அம்மாவின் டைனோசர் பல்

நாக்கு நுனியில் வைத்த எலும்புத் துண்டு கீழே விழாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. காய்ந்த மண்சுவரில் முதல் தூறல் விழும்போது கிளம்புமே ஒரு வாசனை, அதுதான் அதன் ருசி. என் நாக்கின் ஈரத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதுகூடத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு வாயைப் பிளந்தபடி நின்ற என்னைப் பார்த்து மாடி ரூம் அம்மா கைதட்டிச் சிரித்தார்.

"ஒட்டுது இல்லையா? அப்போ நிஜம் எலும்பு. கல்லு ஒட்டாது" என்றார்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து ஆசிரமத்துப் பக்கமாகப் பிரியும் சந்து ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவுக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை. மாடியில் இருந்த ஒற்றை அறையை அம்மா வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். எங்கள் தெருவில் அப்படித் தங்குகிறவர்கள் எல்லோருக்கும் "ரூம்காரங்க" என்றே பெயர். ஆனால் ஒவ்வொரு வருடமும் தீபக் கூட்டம் வடிந்த பிறகு வந்து, வெயில் ஏறும்வரை தங்கிப் போகும் வெளிநாட்டுக்காரர் ஹில்டாவை மட்டும் அம்மா "மாடி ரூம் அம்மா" என்பார், நாங்களும் அப்படியே சொன்னோம். அறுபது வயதைத் தாண்டியவர். தமிழை எங்கள் அம்மாவிடமே கற்றுக்கொண்டவர். அம்மா அவரிடம் மரியாதையாகவே பேசியதால் அவருக்கு மரியாதைத் தமிழ் மட்டும்தான் தெரியும். என்னையும், வாசலில் படுத்திருக்கும் நாயையும்கூட "நீங்க வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் அவர் எனக்கென்று ஒரு மரப்பெட்டி கொண்டுவந்திருந்தார். பஞ்சு விரித்த பெட்டிக்குள் நகம் அளவுக்கு அந்த எலும்புத் துண்டும், அதற்குப் பக்கத்தில் என் நடுவிரலைவிட நீளமாக, காப்பி நிறத்தில், லேசாக வளைந்த ஒரு பல்லும் இருந்தன. "டைனோசர்" என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மொராக்கோவில் பாலைவன ஓரத்துக் கடை ஒன்றில் அவரும் அவர் கணவரும் சேர்ந்து வாங்கியது. அதுதான் அவர்கள் இருவரும் ஒன்றாகப் போன கடைசிப் பயணம். ஊர் திரும்பிய சில மாதங்களில் கணவர் இறந்துவிட்டார். "வீட்டில இருந்தா தூசி. உங்ககிட்ட இருந்தா பள்ளிக்கூடம் போகும்" என்று சொல்லி என் கையில் வைத்தார்.

பல் மறுநாளே பள்ளிக்கூடம் போனது. அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. நன்றாக இருப்பவற்றை வேங்கிக்காலில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். எரிமலையும் காற்றாலையும் செய்துகொண்டிருந்தவர்கள் நடுவில் நான் பஞ்சை விலக்கிக் காட்டியதும் வகுப்பே என்னைச் சுற்றிக்கொண்டது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முடியும்வரை நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

அமுதாதான் என்னைத் தரைக்கு இறக்கினாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். பல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முதலைப் பல்லு" என்றாள்.

"உனக்கு எப்டித் தெரியும்?"

"எங்க சித்தப்பா சாத்தனூர் டேம்ல முதலைங்கள பாத்துக்கற வேலைல இருக்காரு. நான் எவ்ளோ பாத்திருக்கேன். இதே மாதிரிதான் கூம்பா இருக்கும்."

அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கபடிக்கு ஆள் பிரிப்பதுபோல ஜன்னல் பக்க பெஞ்சுகள் டைனோசர் கட்சி, கதவுப் பக்க பெஞ்சுகள் முதலைக் கட்சி. சத்தம் கேட்டு வந்த அறிவியல் டீச்சர் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை என்று நேராகச் சொன்னார். பிறகு என்னிடம், "மேசைல வெக்கணும்னா பக்கத்துல ஒரு அட்டை வெக்கணும். அட்டைல இன்னான்னு எழுதுவ? நீ எழுதறது நெஜமா இருக்கணும். சும்மா யாரோ சொன்னாங்கன்னு எழுதக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மூன்றாவது கட்சி ஒன்று முளைத்தது. அது என் அக்கா மேகலா. கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எதையும் நம்புவதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தாள். "டைனோசரும் இல்ல, முதலையும் இல்ல. டுபாக்கூரா இருக்கும். டூரிஸ்ட்டுக்கு விக்கறதுல பாதி அப்டித்தான்" என்றாள். நான் உடனே பல்லின் அடிப்பாகத்தை நாக்கில் வைத்துக் காட்டினேன். ஒட்டவில்லை. இன்னும் அழுத்தி வைத்தேன். கை எடுத்ததும் பல் விழுந்தது, நல்லவேளை மடியில். எலும்பு ஒட்டியது, பல் ஒட்டவில்லை. அக்கா ஒரு புருவத்தை உயர்த்தினாள். அந்தப் புருவம் இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் அமுதாவும் சாத்தனூருக்கு பஸ் ஏறினோம். அமுதாவின் சித்தப்பா எங்களை வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, ஒரு தகர டப்பாவை எடுத்துவந்து திறந்தார். முதலைகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்குமாம். தரையைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த ஏழெட்டுப் பற்கள் அதில் இருந்தன. "இங்கயே பாருங்க, இங்கயே வெச்சிடுங்க. வெளிய எடுத்துனு போகக் கூடாது, சட்டம்" என்றார்.

அம்மா ஊசியில் நூல் கோக்கப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை நான் கொண்டுபோயிருந்தேன். சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து நாங்கள் மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். முதலைப் பல்லின் அடி ஐஸ்கிரீம் கோன் போல உள்ளே குழிந்திருந்தது. இரண்டு பக்கமும் மெல்லிய விளிம்பு ஓடியது. அந்த விளிம்பில் ரம்பம் போன்ற பற்கள் எதுவும் இல்லை. மேல்பூச்சு வழவழவென்று இருந்தது. எங்கள் பல்லின் கீழ்ப்பாதியும் வழவழவென்றுதான் இருந்தது. அமுதாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் கண்ணாடியை மெதுவாக நுனிப் பக்கம் நகர்த்தினேன்.

நுனிப் பக்கம் வழவழப்பு இல்லை. நுனியிலிருந்து இறங்கும் சின்னச் சின்ன வரிகள், சீப்பால் வாரியதுபோல, ஒன்றையொன்று தொடாமல் வந்தன. பல்லின் பாதி உயரத்தில் அத்தனை வரிகளும் ஒரே இடத்தில் நின்றன. நின்ற இடத்தில் மணல் நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று பல்லைச் சுற்றி ஓடியது. அந்த வளையத்துக்குக் கீழே வரிகளே இல்லை.

கண்ணாடியை அமுதாவிடம் கொடுத்தேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது ரெண்டு பல்லுடி" என்று மெல்லச் சொன்னாள். அக்கா கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். நடுவில் பார்த்தாள், அடியில் பார்த்தாள். "அடில இருக்கறது பல்லே இல்ல. மணலும் பசையும்" என்றாள். எங்களுக்குப் பின்னால் ஒரு முதலை வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பிரித்துப் பார்ப்பதுதான். பழுக்கக் காய்ச்சிய ஊசியை அடிப்பாகத்தில் வைத்தால் பசையா என்று வாசனை சொல்லிவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஊறப்போட்டால் ஒட்டு விட்டுப்போகும், நிஜப் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் அக்கா விளக்கியதைக் கேட்டுக்கொண்டே அரிசி களைந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அம்மா அதிகம் கண்டிக்கிறவர் இல்லை.

"அது அவங்க வீட்டுக்காரரோட வாங்கினது. பாசமா குடுத்தத பிரிச்சிப் பாக்கறீங்களே, நாளைக்கு அவங்க மூஞ்சில எப்டி முழிப்பீங்க?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அம்மா சொன்னது சரி. டீச்சர் சொன்னதும் சரி. பல்லை அப்படியே பெட்டியில் மூடிவைத்துவிட்டுக் கண்காட்சிக்கு ஒரு எரிமலை செய்துவிடலாம், ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த வளையத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. கடைசியில் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன். பிரித்த பிறகு சொல்வதைவிடப் பிரிக்கும் முன் கேட்பது மேல் என்று தோன்றியது. எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. வரிகள் நின்றுபோவதைச் சொன்னேன், மணல் வளையத்தைச் சொன்னேன், நாக்கில் ஒட்டாததைச் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பல்லை ஜன்னலோரம் கொண்டுபோனார். ரொம்ப நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். அழுகிறாரோ என்று பயந்து படிப் பக்கம் நகர்ந்தேன்.

"நாங்க எவ்வளவு முட்டாள்" என்று திரும்பினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணிலும் ஈரம் இருந்தது. "வாங்க. உங்க அக்காவைக் கூப்பிடுங்க. நானும் பாக்கணும்."

அப்படியாக மறுநாள் சாயங்காலம், மாடி அறையில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைச் சுற்றி ஐந்து பேர் கூடியிருந்தோம்: மாடி ரூம் அம்மா, அக்கா, நான், கடைசி பஸ்ஸில்தான் போவேன் என்று அடம்பிடித்த அமுதா, வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்த எங்கள் அம்மா. ஊசி பட்டதும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. கிண்ணத்துத் திரவத்தில் மெல்ல மெல்ல மணல் உதிர்ந்தது. முக்கால் மணி நேரத்தில் பல் தானாகச் சாய்ந்தது. அக்கா குச்சியால் லேசாகத் தொட்டதும் இரண்டாகப் பிரிந்தது. வரி போட்ட நுனி ஒன்று. வழவழப்பான நடுத்துண்டு ஒன்று. நடுத்துண்டுக்குள் அடைத்திருந்த மணல் கரைந்து போனதும், அதன் அடியில் ஐஸ்கிரீம் கோன் போன்ற குழி தெரிந்தது. "நான் சொல்லல?" என்று அமுதா எழுந்தே நின்றுவிட்டாள்.

நுனி எது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மாடி ரூம் அம்மா தன் கேமராவால் இரண்டு துண்டுகளையும் எலும்பையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பழங்காலப் பற்களை ஆராயும் ஒருவரின் முகவரியைத் தேடிப்பிடித்து, தன் மொழியில் நீளமாக ஒரு ஈமெயில் எழுதிப் படங்களோடு அனுப்பினார். தினமும் பள்ளிவிட்டதும் நானும் அமுதாவும் அந்தக் கடைக்கு ஓடுவோம். மூன்றாம் நாள், கண்காட்சிக்கு முந்தைய மாலை, பதில் வந்திருந்தது. மாடி ரூம் அம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

நடுத்துண்டு, டைனோசர் காலத்து ஆறுகளில் இருந்த ஒரு முதலை இனத்துடையது. நுனி, அதே ஆறுகளில் மீன் பிடித்துத் தின்ற ஒரு டைனோசருடையதாக இருக்கலாம். அதன் பற்கள் முதலைப் பல் போலவே கூம்பாக இருக்கும், ஆனால் வரி ஓடும். படத்தைப் பார்த்து இதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாது. எலும்பு நிஜம், எந்த விலங்கு என்று சொல்ல அது மிகச் சிறியது.

நானும் அமுதாவும் கையைக் கோத்துக்கொண்டு அந்தக் கடைக்குள்ளேயே குதித்தோம். கடைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். "ரெண்டு கட்சியும் ஜெயிச்சிடுச்சி" என்றாள் அமுதா. அன்றைக்கு எங்களோடு வந்திருந்த அக்கா, "மூணு" என்று திருத்தினாள். மாடி ரூம் அம்மா எழுந்து நின்று, "என் வீட்டுக்காரர் இருந்தா ரொம்ப சந்தோஷப்படுவார். நாங்க ஒரு பல்லு வாங்கினோம்னு நினைச்சோம். ரெண்டு வாங்கியிருக்கோம்" என்றார்.

கண்காட்சி மேசையில் நாங்கள் மூன்று அட்டைகள் வைத்தோம்: டைனோசர் பல்லின் நுனி, அநேகமாக. முதலைப் பல், மிகப் பழையது. பசை கலந்த மணல், புதியது. டீச்சர் அட்டைகளை இரண்டு முறை படித்துவிட்டு, "அநேகமாக" என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "இதுதான் அறிவியல்" என்றார். மாவட்டக் கண்காட்சிக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே பரிசு எரிமலைக்குத்தான் கிடைத்தது. எங்கள் மேசையைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் நான் நுனியைக் காட்ட, அமுதா அடியைக் காட்ட, இருவருக்கும் தொண்டை கட்டிப்போனதால் அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

மாடி ரூம் அம்மா ஊருக்குத் திரும்பும்போது நுனியை அவரிடமே கொடுத்துவிட்டேன். முதலைத் துண்டு அமுதாவுக்கு. எலும்பு எனக்கு.

அப்பா ஓய்வு பெற்றதும் வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். அமுதா இப்போது சென்னையில் பல் மருத்துவர். அதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவள் மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்கிறாள். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் யோகா உடை விற்கிறார்கள். மாடி ரூம் அம்மா ஒரு வருடம் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் மகளிடமிருந்து எங்கள் அம்மாவுக்கு ஒரு கடிதம் மட்டும் வந்தது. கைமாறிய எங்கள் பழைய வீடு இன்றைக்கு ஒரு கஃபே. சென்ற மாதம் அக்காவோடு அங்கே போனேன். மாடியில் சுவர்களை எடுத்துவிட்டுப் பெரிய கூடமாக்கியிருந்தார்கள். காப்பி வரும்வரை நாங்கள் இருவரும் அவர் கட்டில் எங்கே கிடந்தது, கிண்ணத்தை எந்த ஜன்னலோரம் வைத்தோம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தோம். அக்கா ஒரு மூலையைக் காட்டினாள், நான் வேறொன்றைக் காட்டினேன். கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே எவரும் இல்லை.