ஆகஸ்டில் வந்த ஆறு

ஆறு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். பலெர்மோ நகரின் ஓரத்தில், சியாகுல்லியின் மந்தரின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குக் கீழே, கோடையில் அதற்கு உடம்பே இருக்காது. வெள்ளைக் கற்கள் கிடக்கும், அவற்றின்மேல் வெயில் ஓடும். பள்ளிக்கூடத்தில் விடுமுறைக்கு முன் அதை வரைந்திருந்தோம். சுற்றியுள்ள மலைமுகடுகளைத் தொட்டபடி ஒரு கோடு. அதற்குள் எங்கே மழை விழுந்தாலும் இந்தப் பள்ளத்துக்குத்தான் வந்தாக வேண்டும் என்றார் ஆசிரியை. மழைதான் விழவில்லை.

அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். எங்களுக்கு இன்னும் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதி, கிடைத்திருக்கவில்லை. போனால் திரும்ப முடியாது. முப்பத்தோராம் நாள் அம்மா பூவும் எள்ளும் எடுத்துக்கொண்டு இந்த ஆற்றுக்கு வந்தார். கடல் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அம்மப்பா வழுக்கையாற்றங்கரையில் நெல் விதைத்தவர். மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு அது.

"அப்பர் ஆத்தாலை போய்த்தான் கடலிலை சேரவேணும்" என்றார் அம்மா.

அம்மாவின் தம்பி, என் மாமா, மேலேயிருந்த தோட்டமொன்றில் வேலை செய்தவர், எங்களோடு வந்திருந்தார். "அக்கா, ஆகஸ்டிலை இஞ்சை எல்லாருக்கும் லீவு. ஆறும் லீவிலை போயிட்டுது."

"பகிடி விடாதை, தம்பி." அம்மா பூவைக் கீழே வைக்கவில்லை.

மாமா குனிந்து கற்களைத் தொட்டுப் பார்த்தார். "சரி, நில்லுங்கோ. மலைப்பக்கம் மழை பெய்திருக்கும். பாத்துக்கொண்டு வாறன்." ஆற்றின் மேல்வளைவில் மறைந்துபோனார்.

நெடுநேரம் சில்வண்டுகளின் இரைச்சல். பிறகு, வந்தது. ஒரு சாண் அகலம். முனையில் தூசியையும் சருகையும் தள்ளிக்கொண்டு, வழி விசாரித்து வரும் விருந்தாளி போல, ஒவ்வொரு கல்லாகத் தடவியபடி.

"அம்மா, ரீச்சர் சொன்ன மாதிரியே வருது!"

தண்ணீரோடு இரண்டு பச்சை மந்தரின் இலைகளும் வந்தன. அம்மா அவற்றை விரலால் ஒதுக்கிவிட்டுப் பூவை விட்டார். அது கீழேயிருந்த பாலத்தின் நிழலுக்குள் நுழையும்வரை பார்த்தார். அதற்கப்பால் பார்க்கவில்லை.

மாமா முழங்கால்வரை நனைந்து வந்தார்.

"என்ன மாமா, கண் சிவந்திருக்கு?"

"தூசி விழுந்திட்டுது, பிள்ளை."

அம்மா மிஞ்சிய எள்ளை அவருடைய உள்ளங்கையில் கொட்டினார். மாமா குனிந்தபோது தண்ணீர் நின்றுபோயிருந்தது. ஈரக் கல்லொன்றின்மேல் அதை மெதுவாகத் தூவினார்.

வீட்டுக்கு வந்ததும் என் வரைபடத்தில் மேல்வளைவுக்குப் பின்னால் நீலப் பென்சிலால் ஓர் ஊற்று வரைந்தேன். அன்று தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் மடையைத் திறந்துவிட்டதற்காக மாமாவின் வேலை போனது பின்னாளில் தெரிந்தது. ஆனால் இறந்துபோனவர் மாமாவுக்கும் அப்பா என்பது மட்டும், அந்த எட்டு வயதில், என் மலைமுகட்டுக் கோட்டுக்குள் விழவே இல்லை.