மூன்றாவது பெயர்

குதிக்கும் பலகையில் விரித்திருந்த கயிற்றுப் பாய் ராத்திரிப் பனியில் ஊறிக் கிடக்கும். வெறுங்காலை வைத்தால் குளிர் நேராகப் பல்லுக்குப் போகும். கொடைக்கானல் குளிரைப் பற்றி டூரிஸ்ட்கள் பேசும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

செண்பகனூர்ப் பக்கம் ஒரு மிஷன் போர்டிங் ஸ்கூல். அப்பா அங்கே சமையல்காரர். அந்தச் செல்வாக்கில்தான் எனக்கு நீச்சல்குளமே கிடைத்தது. பகலெல்லாம் பையன்கள். பெண்பிள்ளைகளுக்கு விடிகாலையில் ஒரு மணி நேரம்... ஜெப மணி அடிப்பதற்குள் தலை துவட்டி வெளியே வந்துவிட வேண்டும்.

பெண்பிள்ளைகள் என்றால் நானும் என் சிநேகிதி ஸ்டெல்லாவும். அவ்வளவுதான்.

எனக்கு டைவிங் பைத்தியம். அவளுக்கு அதெல்லாம் இல்லை. நான் வருகிறேன் என்பதற்காக வருவாள். மூடுபனியில் பலகையிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியாது. கணக்குத் தப்பினால் முதுகு பழுத்துவிடும். அதனால் ஸ்டெல்லா கரையில் நின்று தைலமர இலைகளை அள்ளி வீசுவாள். மங்கலாக இலை மிதக்கும். அதைக் குறி வைத்து நான் குதிப்பேன்.

மதுரையில் போட்டி என்று தகவல் வந்தது. குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் பெண்கள் டைவிங் நடக்கும். மதுரைப் பெண் ஒருத்தி, நான்... மூன்றாவதுக்கு ஆளில்லை. ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ டைவ் எல்லாம் அடிக்க வேணாம்டி. சும்மா நின்ன மேனிக்குக் குதிச்சுரு. பேரு இருந்தாப் போதும்."

"எனக்கு முட்டைதான் போடுவாங்க."

"போடட்டும். எனக்கு மார்க் போடுவாங்கல்ல?"

பத்து நாள் பனிக்குள் குதித்துப் பழகினாள். ஒரு நாளும் பயந்ததில்லை.

மதுரையில் நல்ல வெயில். முதலில் ஸ்டெல்லாதான் ஏறினாள். தண்ணீர் தெளிந்து, கீழே பதித்த டைல்ஸ் கோடு வரை பளிச்சென்று தெரிந்தது. எங்கள் குளத்தின் ஆழத்தை மேலிருந்து நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அவள் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தரை தெரியுதுடி... என்னால முடியாது."

"வெரசா குதி ஸ்டெல்லா. கண்ண மூடிக்க."

ஏணியில் தவழ்ந்து இறங்கி வந்தாள். அதிகாரி தாளில் ஒரு கோடு போட்டார். "ரெண்டு பேர வச்சு நடத்த முடியாதும்மா. ஆசையா இருந்தா ஒரு தடவ குதிச்சுட்டுப் போங்க."

குதித்தேன். என் வாழ்க்கையின் நல்ல டைவ் அதுதான், தண்ணீருக்குள் போகும்போதே தெரிந்தது. மேலே வந்து பார்த்தால் நடுவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். நான் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலை அவள் குளத்துக்கு வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை.

அப்புறம் இலையை நானே வீசிவிட்டு ஏணியில் ஓடுவேன். நான் மேலே போய்ச் சேர்வதற்குள் அது எங்கேயோ நகர்ந்து போயிருக்கும்...

அவளுக்குக் கல்யாணமாகி அந்தக் குடும்பமே வெளியூர் போய்விட்டது. நான் நீச்சல் டீச்சர் ஆனேன். இந்த வேலையிலேயே தலை நரைத்தாயிற்று. பேஸ்புக்கில் அவளைத் தேடியிருக்கிறேன். எத்தனையோ ஸ்டெல்லாக்கள், இவள் மட்டும் இல்லை.

போன மாதம் மலையிறங்கி ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். பெண்கள் டைவிங்கில் இப்போது பதினோரு பேர். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வெந்நீர் ஷவர் வேறு! என் மாணவி ஒருத்தி பலகை நுனியில் உறைந்து நின்றுவிட்டாள். நான் ஏறிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்ல பாப்பா. மெதுவா எறங்கிருவோம், வா."

இதை எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மிஸ்ஸுக்கு ரொம்பப் பொறுமை என்று அவர்களுடைய அம்மாக்கள் சொல்வார்கள். மதுரையில் அன்றைக்கும் அந்த ஏணிக்குப் பத்துப் படிதான். நான் கீழேயே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.