சோறு விட்ட தபசுகாலம்

இக்னேசியஸுக்கு நெஞ்செரிவு வந்தால் திருகோணமலைப் பாலையூற்றில் அவர் வீட்டு ஒழுங்கைக்கே தெரிந்துவிடும். நீளமாய் ஓர் ஏவறை விட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு, "மக்டலின், அப்பச்சோடா எங்கை?" என்று பெண்சாதியைக் கூப்பிடுவார். சீனன்குடாவில் எண்ணெய் நிரப்பி வைக்கிற பெரிய தாங்கிகளுக்குக் குழாய் பூட்டுகிற வேலை அவருக்கு. தீப்பெட்டியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சுருட்டுப் பிடிக்க முடியாது. ஆகவே உள்ளே எல்லாருக்கும் வெற்றிலையும் புகையிலையும்தான். தாங்கியடியில் சிவப்பாய்த் துப்பி வைத்தால் ஏச்சு விழும். வெளியே போய்த் துப்பப் பஞ்சிப்பட்டு மனுசன் சாற்றை விழுங்கிவிடுவார். அதற்கு மேல் வெறும் வயிற்றில் தேத்தண்ணீர், இரவில் உறைப்பான மீன்குழம்பும் சோறும், கை காயமுன் கட்டில். நெஞ்சு எரியாமல் வேறென்ன செய்யும்?

மக்டலின் ஒருநாள் அவரை நகரத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி குலசிங்கம் பொறுமையான மனிதர்.

"இடைக்கிடை எரியிறது பெரிய வருத்தமில்லை. வயித்துப் புளிப்பு மேலை ஏறுது, அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டை நேரத்தோடை, கொஞ்சமாச் சாப்பிடுங்கோ. சாப்பிட்ட கையோடை படுக்காதேங்கோ. கட்டில் தலைமாட்டுக் காலுக்குக் கல்லு வையுங்கோ. உறைப்பையும் புகையிலையையும் விட்டால் அரைவாசி மாறும். அப்பச்சோடாவை நெடுகக் குடிக்கக்கூடாது." பிறகு மக்டலின் பக்கம் திரும்பினார். "சாப்பாடு நெஞ்சுக்கை இறுகினாலோ, ஆள் மெலிஞ்சாலோ, உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அது வேறை கதை."

கல் வைத்தாள். மிளகாயைக் குறைத்தாள். பொழுதுபடவே சோறு போட்டாள். புகையிலையைத்தான் தலைகீழாய் நின்றும் விடுவிக்க முடியவில்லை. என்றாலும் எரிவு தணிந்து, எப்போதாவது ஒருக்கால் என்று ஆனது. சில வருடங்கள் நிம்மதியாய்ப் போயின. பாழாய்ப்போன நிம்மதி!

அறுபத்தாறாம் ஆண்டு விபூதிப் புதனன்று கோயிலால் வந்த இக்னேசியஸ், "இந்த நாப்பது நாள் தபசுக்கும் நான் சோறு விடப்போறன். கஞ்சி காணும்," என்றார்.

மக்டலின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையில் இறைச்சி இல்லையென்றாலே முகத்தை நீட்டுகிற மனுசன்! அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. சிலுவைப்பாதை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு மாகிரட்டிடம் சொன்னாள். மாகிரட் அதைச் சொல்லியே தன் புருசனை ஏசினாள். பங்குச் சுவாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் புகழ்ந்தார். நாள் போகப் போக இக்னேசியஸின் சேட்டுக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. "ஒறுத்தல் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்," என்று சனம் அந்த எலும்பையும் மெச்சியது. அப்போதிக்கரி சொன்னது மக்டலினுக்கு மறந்துபோகவில்லை. நோன்பிருக்கிறவர் மெலியாமல் கொழுப்பாரா என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்கோவன். தபசு முடிஞ்சுதெல்லே?"

ஒரு வாய் எடுத்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். விழுங்கியதும் கண் பிதுங்கியது. நெஞ்சைப் பிடித்தபடி கிணற்றடிக்கு ஓடி அத்தனையையும் கக்கினார்.

"ஐயோ, இஞ்சருங்கோ! என்ன இது? எப்ப தொடக்கம்?"

கிணற்றுக்கட்டில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "போன மார்கழி, நத்தாருக்கு முந்தியே சோறு சரியா இறங்கேல்லை. பழைய எரிவுதான், மாறும் எண்டு இருந்தனான். சொன்னால் நீர் ஆஸ்பத்திரிக்கு இழுப்பீர். இறங்காத சோத்தை ஆண்டவருக்கெண்டு விட்டால், பாவம் பாத்து அவர் திருப்பித் தருவார் எண்டு நினைச்சன்."

அடப் பாவி மனுசா! கடவுளோடு பேரம் பேசத் தெரிந்தவருக்குக் கட்டினவளோடு ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லையே! மக்டலின் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். அவரை ஏசினாள். ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்த தன்னை அதைவிடக் கூட ஏசினாள்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாயில் புற்று, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள் அங்கே. பெரிய டொக்டர் நல்ல மனிதர். மக்டலினைத் தனியே கூப்பிட்டு, அவளுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். "வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா. இனிப் பத்தியம் ஒண்டும் வேண்டாம். அவர் விரும்பினதைச் சாப்பிடக் குடுங்கோ."

வெளியே மர வாங்கிலில் குந்தியபடி இக்னேசியஸ் காத்திருந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"விரும்பினதெல்லாம் சாப்பிடச் சொன்னவர்."

எதிரே யாரோ ஒருவர் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினார். இக்னேசியஸ் அந்தக் கையையே பார்த்தார்.

"எனக்குப் பசிக்குது, மக்டலின்," என்றார்.