குறி சொன்ன நடுக்கம்

தறிக்குழியில் உட்கார்ந்தே இடுப்பு போன மனிதர் என் கணவர். கொஞ்ச நாளைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டியே மெடிக்கலில் வாங்கி இரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தார். ஒன்று இரண்டாகி, நான்கும் ஆகிவிட்டது. குடித்தால் வாடை வரும், சண்டை போடலாம். டாக்டர் கொடுத்ததைத் தின்பவரோடு எப்படிச் சண்டை போடுவது?

சஷ்டி வந்தது. சோற்றோடு மாத்திரையையும் விடுகிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டு, குமரக்கோட்டம் கோயிலைச் சுற்றிவிட்டு வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது. மறுநாள் கொட்டாவியும் மூக்கில் தண்ணீருமாக இருந்தார். அதற்கடுத்த நாள் வேர்த்துக் கொட்டி, கைகால் உதற ஆரம்பித்தது. மாமியார் கற்பூரம் ஏற்றிவிட்டார். விரதம் இருப்பவர் நடுங்கினால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, மகளுக்கு எப்போது கல்யாணம் என்று குறி கேட்டார். "தையில ஆவும்" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விபூதி பூசக் கிட்டே போனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சாமியெல்லாம் இல்லடி. மாத்திர குடு. செத்துடுவேன்."

கொடுத்தால் விரதம் போச்சு, கொடுக்காவிட்டால் ஆளே போய்விடுவாரோ. ஒன்றும் புரியாமல் ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். இவருக்குப் பைத்தியமா என்று பயந்துவிட்டேன். உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது, திடீரென நிறுத்தினால் இப்படித்தான் உதறும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மாத்திரை உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்றார் அந்த டாக்டரம்மா. மாத்திரையை விடுவதற்கும் மாத்திரையா? இன்றுவரை எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஆனாலும் டாக்டரம்மா சொன்னபடியே கொடுக்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா முதல் பத்திரிகையைத் தாம்பூலத் தட்டில் வைத்து எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். தையில் கல்யாணமாம். இவர் கூனிக்குறுகிப் போனார்.

"அது சாமி இல்லக்கா. மாத்திர இல்லாத நடுக்கம். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கறேன்."

வெளியாளிடம் இவர் வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா சிரித்தார். சாமி வந்தவர்களுக்கு வந்தது எங்கே நினைவிருக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போனார்.

யார் சொல்வதை நம்புவது என்று விழித்துக்கொண்டு நின்றேன். இவர் வலது கையை நீட்டினார். அன்றைய அரை மாத்திரையை வைத்தேன். இவர் கை ஆடவில்லை. என் கைதான் நடுங்கியது.