கையுறை மாட்டிப் பார்த்த சோதனை

அந்தப் புது நிறுவனத்தில் ஐந்து பேர். நான்கு பேர் ஒரே கல்லூரி, ஒரே விடுதி, ஒரே அறை. ஐந்தாவது ஆள் ஒரு நர்ஸ்; எல்லாருக்கும் சிஸ்டர். முதியோர் வார்டில் பதினெட்டு வருடம் நின்று கால் நரம்பு சுருண்டபின், உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நம்பி வந்தவள். வேண்டாம் என்று கணவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

அவர்கள் செய்தது வயதானவர்களுக்கான மாத்திரைப் பெட்டி. நேரமானால் கூவும். மூடியை அழுத்தித் திருக வேண்டும். சிஸ்டர் முதல் நாளே சொன்னாள்: "தம்பி, மூட்டுவலிக்காரங்க கைக்கு இது திறக்காது."

"டெஸ்ட் பண்ணியாச்சு சிஸ்டர்," என்றான் தாடி. நால்வரில் அவன்தான் தலைவன்.

"யார வச்சு?"

"நாங்களேதான். ரெண்டு கையுறைய மேல மேல மாட்டிக்கிட்டா வயசானவங்க கை மாதிரிதானே."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். ஒருவனுக்குத் தோன்றுவதுதான் அங்கே நால்வருக்கும் தோன்றும். ஒரே காரில் வரும்போதே எல்லாம் முடிவாகிவிடும். கூட்டம் என்பது அதை சிஸ்டருக்குத் தெரிவிப்பது. அவள் பேசினால் மரியாதையாகப் புன்னகைப்பார்கள்.

பெட்டிகள் விற்றன. மூன்றே வாரத்தில் திரும்பி வரத் தொடங்கின. போனை எடுப்பவள் சிஸ்டர். "கத்தியால நெம்பினேன்மா, விரலக் கிழிச்சுடுச்சு," என்றார் ஒரு பெரியவர்.

மறுநாள் தாடி ஒரு படிவத்தை நீட்டினான். "ரெண்டாவது பேட்ச் சிஸ்டர். 'செவிலியர் சோதித்தது'ன்னு பெட்டியில போடறோம். ஒரு கையெழுத்து மட்டும்."

"மூடிய மாத்தியாச்சா?"

"கலர் மாத்தியாச்சு."

பதினெட்டு வருடத்தில் ஒரு நோயாளியின் சார்ட்டில்கூட அவள் பொய்யாகக் கையெழுத்திட்டதில்லை. "மாத்திரை எடுக்க முடியாம ஒருத்தர் போய்ச் சேர்ந்தா, கலர் நல்லா இருந்துச்சுன்னு அவங்க வீட்ல போய்ச் சொல்வீங்களா?"

"கோபப்படாதீங்க. டீம்னா எல்லாரும் ஒரே மாதிரி யோசிச்சாத்தான்..."

"அதாண்டா வியாதியே. நீங்க நாலு பேர் இல்ல. ஒரே ஆளு நாலு நாற்காலியில உக்காந்திருக்கான்."

நால்வரில் ஒருவன் சிரிக்கப்போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சிஸ்டர் பேனாவை எடுத்தாள். படிவத்தில் 'முடிவு' என்றிருந்த கட்டத்துக்குள், வார்டில் எழுதுகிற அதே நிதானத்தோடு எழுதினாள்: 'மூட்டுவலி உள்ளவர்களால் திறக்க முடியாது. காயம் ஏற்படும்.' தேதி, நேரம், கையெழுத்து.

"கேட்டீங்களே, போட்டாச்சு. எடுத்துட்டுப் போய் அச்சடிங்க."

"இதோட உங்க வேலை..." என்று தாடி ஆரம்பிக்கும்போதே போன் அடித்தது. நால்வருக்கும் கேட்கும்படி அவள் பேசினாள்.

"திருப்பி அனுப்பிடுங்கம்மா. உங்க கை மேல தப்பே இல்ல, பெட்டி மேலதான்."